வலது கதவுக்காரன்

பந்தயக் காரின் வலது இருக்கையில் உட்காருகிறவனுக்கு ஸ்டீயரிங் கிடையாது, கியர் கிடையாது, மிதிக்க ஒரு பிரேக்கும் கிடையாது. ஆனாலும் ரூஃபினோ சபாலெத்தா ஒவ்வொரு வளைவிலும் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டேதான் போனான். அவனுடைய வலது ஷூ மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். "காரை நிறுத்துறதே என் புருஷன்தான்" என்று மனைவி மிர்தா அந்த ஷூவைத் தூக்கிப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவாள்.

எங்கள் அர்ஜென்டினாவின் தேசிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் அப்போதெல்லாம் ஓட்டுநரோடு ஒரு துணையாளும் போவான். எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு இரண்டையும் அவன் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் டாஷ்போர்டின் நடுவே இருக்கிற சிவப்பு சுவிட்சைத் தட்டி மொத்தக் கரண்டையும் அணைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பின்னால் எவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல முடியாது. அந்த இரைச்சலில் கத்தினால் தன் குரல் தனக்கே கேட்காது. ஓட்டுநரின் தொடையில் கையால் அடிப்பான். ஓர் அடி என்றால் வலப்பக்கம் வருகிறான், இரண்டு என்றால் இடப்பக்கம், முஷ்டியால் குத்தினால் முட்டப்போகிறான். பந்தயம் முடிந்து தார்தோ கிரோல்டி உடையைக் கழற்றும்போது அவனுடைய வலது தொடை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். ரூஃபினோவின் கை அப்படி. வாரநாட்களில் ஒப்துலியா ஊர் இறைச்சிக் கூடத்தில் மாட்டுக்கு எலும்பு பிரிக்கிற கை அது.

தார்தோதான் ஓட்டுநர். ஊரில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தான். நல்ல மனிதன், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டாதவரை. இடது கதவில் அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். வலது கதவில் ரூஃபினோவின் பெயர் சின்னதாக இருந்தது. இறைச்சிக் கூடத்தில் மேஸ்திரிகூட அவனை "வலது கதவுக்காரா, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். அவனுக்கு அதில் பெருமை உண்டு. மற்றபடி அவன் வாழ்க்கையில் பெருமைப்பட என்ன இருந்தது? ரத்தம், கொழுப்பு, குளிர் அறை, மறுபடியும் ரத்தம்.

பக்கத்து ஊர் துராஸ்னோ. அங்கே நெஸ்தோர் பெர்சிக் என்று ஒரு ஓட்டுநர். அவனுடைய வலது கதவில் எழுதியிருந்த பெயரும் சபாலெத்தாதான். அதேல்மோ சபாலெத்தா, ரூஃபினோவின் கூடப்பிறந்த தம்பி.

இது எப்பேர்ப்பட்ட கேவலம் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். தார்தோ ஓட்டியது ஃபோர்டு, பெர்சிக் ஓட்டியது அதன் பரம எதிரியான செவ்ரோலே; சபாலெத்தா வீடோ ஃபோர்டு வீடு. அப்பாவின் சவப்பெட்டியையே ஃபோர்டு கொடி போர்த்தித்தான் தூக்கினார்கள். அந்த வீட்டுப் பிள்ளை செவ்ரோலேயில் ஏறுவது மதம் மாறுவதற்குச் சமம். ஆனால் அவன் சும்மா ஏறவில்லை. தார்தோவிடம் முதலில் போய் இடம் கேட்டவன் அதேல்மோதான். தார்தோ இருவரையும் வரச்சொல்லி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அடி பலமாக விழுகிறது என்று அண்ணனை எடுத்துக்கொண்டான். தம்பி மறுநாளே பஸ் ஏறி துராஸ்னோவுக்குப் போனான். அண்ணன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அந்த ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய பந்தயங்களில் முதலில் தார்தோ இடி வாங்கிக்கொண்டுதான் இருந்தான். முன்னால் போகிறவன் பாதையை அடைப்பான், பின்னால் வருகிறவன் பம்பரால் குத்துவான். எங்கள் நாட்டில் குளிர் தொடங்கும் மே மாதத்தில், ஒரு பந்தயத்தில், பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போனபோது, தார்தோ வேறு வழியில்லாமல் வலது வளைவின் உட்பக்கமாக மூக்கை நுழைத்தான். வெளிப்பக்கம் ஒருவன் திரும்பிக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கதவில் தார்தோவின் கார் போய்ச் சாய்ந்தது. தகரம் கிழிந்தது, பொறி பறந்தது, அவன் புல்லில் போய் விழுந்தான். தார்தோவின் கார் அந்த இடியிலேயே வேகம் குறைந்து, வளைவில் அழகாகத் திரும்பிவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தும்விட்டான்.

அன்று மாலை தணலில் விலா எலும்பு வெந்துகொண்டிருக்க, தார்தோ கையில் ஒயினோடு புதுக் கண்டுபிடிப்பை விளக்கினான்.

"பிரேக் எதுக்குடா? பக்கத்துல ஒருத்தன் வர்றான்ல, அவன்மேல சாஞ்சா போதும். தானா நிக்குது."

"சாயறது எங்கன்னு பாத்தியா?" என்றான் ரூஃபினோ. "வலது கதவுல. என்னை மாதிரி ஒருத்தன் அங்க உக்காந்திருக்கான்."

"கதவுல யார் பேரு எழுதியிருக்குன்னு படிச்சிட்டா இடிக்க முடியும்?"

மெக்கானிக்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரூஃபினோவும் சிரித்தான். அன்றைக்கு அது யாரோ ஒருவனுடைய கதவு.

பிறகு ஒவ்வொரு பந்தயத்திலும் அதே வேலைதான். ஒருவனுக்குக் கை உடைந்தது. இன்னொருவனுக்குக் காதில் ரத்தம் வந்தது. நடுவர்கள் அபராதம் போட்டார்கள், எச்சரித்தார்கள். ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்று தார்தோ பெயரைக் கத்தினார்கள். ஜூலை மாதம் புள்ளிப் பட்டியலில் தார்தோ இரண்டாவது. முதலிடத்தில் இருந்தவன் பெர்சிக்.

அந்த ஜூலைப் பந்தயத்தில்தான் அது நடந்தது. மழை விட்டு ஓடுபாதை காய்ந்திருந்தது. நேர்ப்பாதையின் கடைசியில், ஒரு வலது வளைவுக்கு முன், தார்தோ பெர்சிக்கின் காருக்கு உட்பக்கம் நுழைந்தான். இரண்டு கார்களும் ஜன்னலோடு ஜன்னலாக ஓடின. தார்தோவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம் போன்ற தூரத்தில் அதேல்மோ திரும்பி அண்ணனைப் பார்த்தான். ரூஃபினோ தார்தோவின் தொடையில் குத்தினான், மறுபடி குத்தினான், நகத்தால் பிராண்டவும் செய்தான். தார்தோவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. வளைவு வந்தது. கார் சாய்ந்தது.

கதவு உள்ளே போவதை ரூஃபினோ கண்ணால் பார்த்தான். தகரத்துக்குப் பின்னால் இருந்த இரும்புக் குழாய் வளைந்து தம்பியின் விலாவில் இறங்கியது. அதேல்மோவின் தலை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் ஆடி, மார்பில் விழுந்தது. பிறகு அந்தக் கார் பார்வையிலிருந்து போய்விட்டது. மீதிச் சுற்றுகள் முழுவதும் ரூஃபினோ ஹெல்மெட்டுக்குள் கெட்ட வார்த்தையாகக் கத்திக்கொண்டே வந்தான். தார்தோ ஜெயித்தான்.

பந்தயம் முடிந்த கையோடு பெர்சிக்கின் ஆட்கள் ஜாக்கிக் கம்பியும் ஸ்பேனருமாக வந்தார்கள். ரூஃபினோ ஆம்புலன்ஸ் பக்கம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வந்தவர்களில் முதல் ஆளின் மூக்கை ஒரே குத்தில் உடைத்தான். கீழே விழுந்தவனை எழ விடாமல் மிதித்தான். தார்தோவே பயந்துபோய் அவனை இழுத்துப் பிடித்தான். யார்மேல் இருந்த கோபத்தை யார்மேல் காட்டினான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. அவன் கை ஓய்ந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது.

அதேல்மோவுக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. மறுபடியும் அதே இடத்தில் அடி விழுந்தால் எலும்பு நுரையீரலுக்குள் போய்விடும், அப்புறம் தன்னிடம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். துராஸ்னோவில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா எல்பா அவனை ஒப்துலியாவுக்கே கூட்டிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தாள். ரூஃபினோ ஞாயிற்றுக்கிழமை போனான். எலும்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க" என்றாள் எல்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஒண்ணு இடிக்குது, ஒண்ணு இடி வாங்குது. இதை ஊரே டிக்கெட் வாங்கிப் பாக்குது. தூ!"

"அண்ணன் என்னம்மா பண்ணும்?" என்றான் அதேல்மோ. மூச்சுவிடவே கஷ்டப்பட்டான், ஆனால் நாக்கு மட்டும் நன்றாக இருந்தது. "அவர் கையில ஸ்டீயரிங்கா இருக்கு? சும்மா ஒக்காந்துட்டு வர்ற ஆளு."

ரூஃபினோ அதை முழுங்கிக்கொண்டான். "தம்பி, இந்த வருஷம் மட்டும் எறங்கிக்கோடா. அவன் மறுபடியும் அங்கதான் வருவான். அவன் தொடை எனக்குத் தெரியும். குத்தினாலும் அசைய மாட்டேங்குது."

"நீ எறங்கேன்."

"நான் எறங்கினா அந்த எடத்துல வேற எவனாச்சும் ஒக்காருவான். அவனுக்கு நீ யாரோதானே?"

"இப்ப மட்டும் நான் யாராம்?"

ரூஃபினோ எழுந்துபோய்த் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். கட்டுப்போட்ட இடத்தில் கை பட்டதும் அதேல்மோ அலறினான். எல்பா கொதிக்கிற சூப்புக் கரண்டியோடு வந்து பெரியவன் முதுகில் ஒன்று போட்டாள். சின்னவன் சிரித்தான் என்று அவன் தலையிலும் ஒன்று போட்டாள். அதற்குப்பிறகு மூவரும் உட்கார்ந்து சூப் குடித்தார்கள்.

இருவரும் இறங்கவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. செப்டம்பரில் அதேல்மோ மார்பைச் சுற்றித் தோல் பட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் பெர்சிக்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கே பெர்சிக் பழி வாங்கினான். நேர்ப்பாதையில் பின்னாலிருந்து வந்து, தார்தோவின் காரை இடது மூலையில் குத்தினான். கார் குறுக்கே திரும்பி, புல்லில் சக்கரம் மாட்டி, உருண்டது. வானம், மண், வானம், மண். நின்றபோது ரூஃபினோ பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வாயில் இரண்டு பல் தனியாகக் கிடந்தது. பெட்ரோல் சொட்டியது. கையால் தடவி சிவப்பு சுவிட்சை அணைத்தான். தார்தோ நினைவில்லாமல் கிடந்தான். கண்ணாடி போன ஜன்னல் வழியாக ரூஃபினோ, பெர்சிக்கின் கார் அடுத்த சுற்று வருவதைப் பார்த்தான். தம்பி திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தான். அந்த ஹெல்மெட் நேராகவே போனது.

"பட்டை கட்டியிருக்கான்ல, திரும்ப முடிஞ்சிருக்காது" என்று வீட்டில் மிர்தாவிடம் சொன்னான்.

"ஆமா ஆமா, கழுத்துலகூடப் பட்டை கட்டியிருப்பான்" என்றாள் அவள், அவன் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே.

தார்தோ மூன்று வாரத்தில் காரை நிமிர்த்திவிட்டான். தன்னைத்தான் நிமிர்த்திக்கொள்ள முடியவில்லை. பட்டறைச் சுவரில் பெர்சிக்கின் காரை சுண்ணாம்பால் வரைந்து, அதன் வலது கதவில் ஒரு வட்டம் போட்டு வைத்தான். ரூஃபினோ அதை ஈரத்துணியால் துடைப்பான். மறுநாள் மறுபடியும் வட்டம் இருக்கும்.

டிசம்பரில் கடைசிப் பந்தயம். எங்கள் பக்கத்துக் கோடை, வெயில் மண்டையைப் பிளந்தது. தார்தோ, பெர்சிக் இருவரில் எவன் முன்னால் வருகிறானோ அவனே நாட்டின் சாம்பியன். ஒப்துலியா மொத்தமும் லாரியிலும் டிராக்டரிலும் வந்து, வேலியோரம் அடுப்பு மூட்டி, காலையிலேயே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. துராஸ்னோக்காரர்கள் எதிர்ப்பக்கம். நடுவில் போலீஸ் குதிரைகள். காருக்குள் ஏறும்போது தார்தோ ரூஃபினோவின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான்.

"இன்னைக்கு என் தொடையை விட்டுருடா. எவன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியும்."

கடைசிச் சில சுற்றுகளில் பெர்சிக் முன்னால், தார்தோ அவனுடைய பம்பரில் ஒட்டிக்கொண்டு இரண்டாவது. மூன்றாவதாக வந்தவனும் வெகுதூரத்தில் இல்லை. ஓடுபாதையின் பின்பக்கத்து நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வலது வளைவு. வளைவுக்கு வெளியே கான்கிரீட் சுவர், அதற்கு முன்னால் கொஞ்சம் மண், அவ்வளவுதான். கடைசிச் சுற்றில் அங்கேதான் செய்யப்போகிறான் என்று ரூஃபினோவுக்குத் தெரிந்தது. தார்தோவின் தாடை இறுகியிருந்தது, பிரேக் மேல் இருக்க வேண்டிய கால் அங்கே இல்லை. முன்னால் பெர்சிக்கின் கார் வெளிப்பக்கம் ஒதுங்கி, வளைவுக்குத் தயாராகி, வலது கதவை முழுசாகக் காட்டிக்கொண்டு போனது. அந்தக் கதவில் தன் வீட்டுப் பெயரை ரூஃபினோ எழுத்து எழுத்தாகப் படித்தான். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. தம்பி செத்துப்போவான் என்று நினைத்தான். வேறெதுவும் நினைக்கவில்லை.

கையை நீட்டி சிவப்பு சுவிட்சைத் தட்டினான்.

இன்ஜின் சட்டென்று செத்தது. கார் முன்னால் கவிழ்வதுபோல் தலையைக் குனிந்தது. பெர்சிக்கின் கார் கையை விட்டு நழுவி வளைவுக்குள் போய் மறைந்தது. தார்தோவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முழங்கையால் ரூஃபினோவின் ஹெல்மெட்டில் இடித்தான். அதே நேரம் மூன்றாவது கார் பின்னால் வந்து மோதியது. கார் சுற்றிச்சுற்றி உட்பக்கத்துப் புல்லில் போய் நின்றது. நின்ற பிறகும் தார்தோ அடித்துக்கொண்டேயிருந்தான். தன் ஹெல்மெட்டை அவிழ்த்து, அதைக் கையில் எடுத்து, அதாலேயே அடித்தான்.

"எதுக்குடா? எதுக்குடா அணைச்ச? தீயா புடிச்சிச்சு? எங்கடா தீ?"

ரூஃபினோ கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அடிக்கட்டும் என்று இருந்தான்; கை ஓய்ந்ததும் தார்தோ நிறுத்திவிட்டான். ஆனால் வேலி தாண்டி வந்த ஒப்துலியாக்காரர்கள் தார்தோ மாதிரி நிறுத்தத் தெரிந்தவர்கள் அல்ல. அவன்கூடவே இறைச்சி வெட்டியவர்கள், அவன் கல்யாணத்தில் ஆடியவர்கள், அவன் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டியவர்கள். ஜன்னல் வழியாக அவனை வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். ஒருவன் பாட்டிலால் அடித்தான். இன்னொருவன் அடுப்புக்கம்பியோடு வந்தான். இறைச்சிக் கூடத்து மேஸ்திரி ஓரமாக நின்று அழுதுகொண்டே "இன்னும் போடுங்கடா" என்றார். போலீஸ் குதிரைகள் வந்து விலக்கியபோது ரூஃபினோவின் தாடை உடைந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. ஆனாலும் உள்ளுக்குள்ளே அவனுக்கு ஒரு நிம்மதி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான்.

முதலுதவிக் கூடாரத்தில் படுத்திருந்தபோது அதேல்மோ வந்தான். கழுத்தில் சாம்பியன் மாலை, தலையெல்லாம் ஒயின். வெளியே துராஸ்னோக்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே" என்றான். "மூஞ்சியை என்ன பண்ணிட்டானுங்க! உங்க மோட்டாருக்கு என்னாச்சு? திடீர்னு காணோமே."

"மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் ரூஃபினோ. உடைந்த தாடையில் வார்த்தை குழறியது. "நான்தான் அணைச்சேன்."

"நீயா? ஏன்?"

"ஏன்னா கேக்குற? உன் கதவுடா. நேரா உன் கதவுக்குத்தான் வந்தான். இன்னொரு அடி விழுந்தா நீ இருக்க மாட்டே."

அதேல்மோ பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். சிரிப்பதுபோல் ஏதோ ஒரு சத்தம் வந்தது, உடனே நின்றது. சொல்லாமல் போயிருக்கலாம். அவன் அந்த மாதிரி ஆள் இல்லை.

"அடி விழுந்திருக்காதுண்ணே" என்றான் கடைசியில். "நாங்க அங்க இருந்திருக்க மாட்டோம்."

"எங்க?"

"அந்த எடத்துல. தார்தோ எங்கமேல சாஞ்சுதானே திரும்புவான்? அவனுக்குப் பிரேக்கே நாங்கதான். அதனால கடைசி நொடியில டக்குனு பிரேக்கைப் போட்டு ஒதுங்கிக்கிறதுன்னு பேசி வச்சிருந்தோம். சாய ஆள் இருக்காது. நேரா போயிடுவான்."

கூடாரத்துக்கு வெளியே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

"நேரா போனா சுவருடா" என்றான் ரூஃபினோ.

"ஆமா."

"கதவை முழுசா காட்டிட்டுப் போனீங்களே, அதுவும் அதுக்குத்தானா?"

"அவன் வரணும்ல."

"நான் உள்ள இருக்கேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

ரூஃபினோ ஒரு கண்ணால் அவனைப் பார்த்தான். "யாரு யோசனை? பெர்சிக்கா?"

"பெர்சிக்குக்கு அவ்வளவு மூளை ஏதுண்ணே" என்றான் அதேல்மோ. "என்னோடதுதான்."

நர்ஸ் வந்து, தாடையை ஆட்டாதே, பேசாதே என்று அதட்டினாள். ரூஃபினோ ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினான்.

"நல்ல யோசனை. தார்தோ கட்டாயம் விழுந்திருப்பான்."

"விழுந்திருப்பான்."

"நானுந்தான்."

அதேல்மோ ஆமாம் என்று தலையை ஆட்டினான். பிறகு, வெளியே தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

ஊருக்குத் தெரிந்தது சுவிட்ச் வரைக்கும்தான். வலது கதவிலிருந்த பெயரை மறுநாளே சுரண்டி எடுத்தார்கள். "வலது கதவுக்காரன்" போய் "சுவிட்ச்" என்று புதுப் பெயர் வந்தது. குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரூஃபினோ திருத்தவில்லை, தம்பி சொன்னதை எவரிடமும் சொல்லவுமில்லை. மிர்தாவுக்கு மட்டும் அதே வாரம் சொன்னான். தாடை கூடிய பிறகு இறைச்சிக் கூடத்து வேலைக்குத் திரும்பினான். மேஸ்திரி சில மாதம் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் கொடுத்தார்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று சொல்ல முடியாது. அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், உப்பை எடுத்து நீட்டிக்கொண்டார்கள், கால்பந்து பேசினார்கள். அதேல்மோ தன் மகளுக்கு ரூஃபினோவைத்தான் ஞானத்தந்தையாக வைத்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

எல்பா இறந்தபோது சவ வண்டிக்குப் பின்னால் குடும்பத்துக்கென்று ஒரு கார் நின்றது. அதேல்மோ ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, கதவைத் திறந்தே வைத்திருந்தான். ரூஃபினோ அந்தக் கதவுவரைக்கும் வந்தான். கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதை மெதுவாகச் சாத்திவிட்டு, பின்னால் நின்ற, ஊர்க்காரர்கள் ஏறியிருந்த ரொட்டிக்கடை வண்டியில் போய் ஏறிக்கொண்டான்.